கொடியேற்ற 20 கோடி, வாக்குச்சீட்டு அச்சிடப் பணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சி சபைத் தேர்தலை அன்றைய தினத்தில் நடத்த முடியாது என்று தேர்தல்கள் ஆணைக்குழு கடந்த பெப்ரவரி 24ஆம் திகதி அறிவித்த செய்தியைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். பணம் இல்லை என்பதே காரணம். அரசாங்க அச்சகத்துக்குப் பணம் கிடைக்காதபடியால் வாக்குச்சீட்டுகள் அச்சாகவில்லை. அவை அச்சாகாதபடியால் 22ஆம் திகதி தொடங்கவிருந்த தபால் மூல வாக்களிப்பு அதற்கு முன்னரே பிற்போடப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்த பின்னரும் என் மனம் அதிலேயே நின்றது. ஏனெனில், சரியாக மூன்று வாரங்களுக்கு முன்னர், பெப்ரவரி 4ஆம் திகதி காலையில், இதே அரசாங்கம் கொழும்பு காலி முகத்திடலில் முப்படைகளின் அணிவகுப்போடு 75ஆவது சுதந்திர தின விழாவை நடத்தியதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த விழாவுக்கு ஏறத்தாழ 200 மில்லியன் ரூபா, அதாவது 20 கோடி ரூபா, செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அதற்குப் பணம் இருந்தது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் அரச அலுவலகங்களின் கணக்குக் கிளைகளில் வேலை செய்து, பிரதம இலிகிதராக இளைப்பாறியவன். அரசியல் கட்சி எதிலும் நான் உறுப்பினன் அல்லன். வவுச்சர் எழுதுவதும், ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்ப்பதும், இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புவதுமே என் வாழ்நாள் தொழில். ஆகவே, அரசாங்கம் ஒன்று பணம் இல்லை என்று சொல்வதை நான் குற்றமாகக் கொள்ளமாட்டேன். கையில் இல்லாததை இல்லை என்று சொல்வது நேர்மையானது. ஆனால் அந்தச் சொல்லை வைத்தியசாலையில் வரிசையில் நிற்பவரிடமும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடமும், வாக்களிக்கக் காத்திருப்பவரிடமும் முதலில் சொல்லிவிட்டு, விழா ஏற்பாட்டுக் குழுவிடம் மட்டும் சொல்லாமல் விடுவது எந்த நிதிப் பிரமாணத்துக்கும், எந்த மனச்சாட்சிக்கும் பொருந்தாது என்பதை எழுதவே இக்கடிதம்.

நாடு எந்த நிலையில் நின்று இவ்விழாவைக் கொண்டாடியது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நமது நிதி அமைச்சே உலகுக்கு அறிவித்தது. சுதந்திரம் பெற்ற காலத்திலிருந்து இந்த நாடு அப்படியோர் அறிவிப்பைச் செய்ததில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டன. முந்தைய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா வேண்டியிருந்தது என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள். 63 இலட்சம் பேர், அதாவது சனத்தொகையில் நூற்றுக்கு 28 பேர், போதிய உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து செய்த மதிப்பீடு அதே மாதத்தில் சொன்னது. இவ்வாண்டு ஜனவரியில், அமைச்சுக்களின் ஒதுக்கீடுகளில் 5 சதவீதத்தை வெட்ட அரசாங்கம் தீர்மானித்தது. வெட்டும் தீர்மானமும் விழா எடுக்கும் தீர்மானமும் ஒரே மாதத்தில் பேசப்பட்டன.

இலக்கங்களைப் பத்திரிகையில் வாசிப்பது வேறு, நேரில் காண்பது வேறு. சுதந்திர தினத்துக்கு முந்திய வாரத்தில் எங்கள் பகுதி வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்கு என் மனைவியை அழைத்துச் சென்றிருந்தேன். அதிகாலையில் இலக்கம் எடுத்து, முற்பகல் 11 மணியளவில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற முதிய பெண், கிளினிக் கொப்பியை நீட்டினார். உள்ளே இருந்த உத்தியோகத்தர் நான்கு மருந்துகளில் இரண்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி, "அம்மா, இது இல்லை, வெளியில வாங்குங்கோ" என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொன்னாரோ, களைத்துப்போன குரலில் சொன்னார். அந்தத் துண்டு வெள்ளைத் தாள்கூட அல்ல. பழைய படிவமொன்றின் பின்பக்கத்தை நாலாகக் கிழித்தது. வெளியே வந்து வேப்பமர நிழலில் இருந்தபோது அந்தப் பெண் என் மனைவியிடம், பிரஷர் குளிசையைப் பாதியாக உடைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் மாதம் முழுவதற்கும் காணும் என்று, சமையலுக்கு அரிசியை எட்டப்பண்ணுவதைச் சொல்வதுபோல் சொன்னார். துண்டில் எழுதியிருந்த மருந்துகளின் விலையை எதிரிலிருந்த பாமசியில் கேட்டுவிட்டு, வாங்காமலேயே பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் பேத்தி இம்முறை கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை எழுதினாள். ஜனவரி 23ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. அந்நாட்களில் நாளொன்றுக்கு 2 மணித்தியாலமும் 20 நிமிடமும் மின்வெட்டு இருந்தது. பரீட்சை முடியும்வரையாவது மின்சாரத்தை வெட்டாதீர்கள் என்று மாணவரும் பெற்றோரும் மன்றாடி, மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டு, விடயம் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தலாம் என்றால், சென்ற ஆகஸ்டில் ஒரே இரவில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதை இந்தக் கரையோரத்தில் மறந்தவர் எவரும் இல்லை. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் தொழிலாளிக்கு, கடலுக்குப் போவதா விடுவதா என்பதே அன்று முதல் கணக்குப் பார்க்க வேண்டிய கேள்வியாகிவிட்டது. 2023 பெப்ரவரி 16ஆம் திகதியிலிருந்து மின்கட்டணமும் மீண்டும் ஏறியது. மாதம் 30 அலகு பாவிக்கும் வீடென்பது இரண்டு மூன்று மின்குமிழும் ஒரு வானொலியும் உள்ள வீடு. அந்த வீட்டுக்கு 360 ரூபாவாக இருந்த பட்டியல் 1,300 ரூபாவாக ஏறியது. விழா முடிந்து 12 நாட்களில் இது நடந்திருக்கிறது.

சுதந்திர தினத்தைக் கொண்டாடியே ஆகவேண்டும், இல்லையென்றால் தமது சுதந்திரத்தைக்கூடக் கொண்டாட முடியாத நாடு என்று உலகம் நம்மைச் சொல்லும் என்ற கருத்தை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவர்கள் முன்வைத்தார்கள். இந்த நியாயத்தை நான் மரியாதையோடு, ஆனால் முற்றாக மறுக்கிறேன். கடனைக் கட்ட முடியாது என்று உலகுக்கு நாமே எழுதிக் கொடுத்து பத்து மாதங்கள் ஆகிவிட்டன. சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில், 290 கோடி டொலர் கடனுதவிக்காகச் சென்ற செப்டெம்பரிலிருந்து காத்து நிற்கிறோம். பெற்றோல் வரிசைகளில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே உயிர்விட்ட செய்திகளையும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டதையும், கடதாசி இல்லாமலே இரண்டு நாளிதழ்கள் அச்சை நிறுத்தியதையும் உலகம் சென்ற ஆண்டே பார்த்துவிட்டது. இவ்வளவையும் அறிந்த ஒருவருக்கு, அணிவகுப்பைக் கண்டதும் இந்த நாட்டின் மீது மதிப்புக் கூடுமா? கடன் கொடுத்தவன் வீட்டு வாசலில் நிற்கும்போது பந்தல் போட்டு மேளம் பிடிப்பவனை எங்கள் ஊரில் எவரும் வசதியானவன் என்று எண்ணுவதில்லை. நாணயம் கெட்டவன் என்றே எண்ணுவார்கள்.

மேலும், இடத்தையும் கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி முதல் இளைஞர்களும் தாய்மாரும் துறவிகளும் கூடாரமிட்டு இருந்து, நாட்டின் பணம் எங்கே போனது என்று கேட்டது இதே காலி முகத்திடலில்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே, அதே திடலில் மேடை போடப்பட்டது. விழாவுக்கு முதல்நாள் இரவு, இந்தச் செலவை எதிர்த்து மருதானையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பிரயோகிக்கப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அவர்கள், இது வீண்செலவு என்று சொல்லி விழாவில் பங்குபற்றாமல் விட்டார்கள். பல விடயங்களில் அவரோடு கருத்து வேறுபடுகிறவர்கள்கூட அதைச் சரியென்றே ஏற்றுக்கொண்டதை இங்கே நான் நேரில் கேட்டேன்.

20 கோடி பெரிய தொகையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாட்டில் 2 கோடி 20 இலட்சம் பேர் இருக்கிறோம். பகிர்ந்தால் ஆளுக்கு 9 ரூபா வருகிறது. ஒரு டொபிக்கும் போதாத காசுக்கு இவ்வளவு சத்தமா என்று ஓய்வூதியர் சங்கத்திலேயே நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் படித்தவர், நல்லவர். ஆகையால் அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அரசாங்கப் பணம் தலைக்கு ஒன்பது ஒன்பது ரூபாவாகச் செலவாவதில்லை. ஒரு தலைப்பின் கீழ், ஒரு கையொப்பத்தோடு, ஒரு காரியத்துக்கு மொத்தமாகச் செலவாகிறது. ஒரு பாடசாலைப் பிள்ளையின் பகல் உணவுக்கு 100 ரூபா என்று வைத்துக்கொண்டால், 20 கோடியில் 20 இலட்சம் சாப்பாடு போடலாம். பத்தாயிரம் பிள்ளைகளுக்கு, 200 பாடசாலை நாட்களுக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் சோறு. எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்வி வலயத்தின் சிறிய வகுப்புகளுக்குப் பொறுப்பான எந்த அதிபரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். திங்கட்கிழமைக் காலைக்கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளின் பெயர்களை அவர் விரல்விட்டுச் சொல்வார். கருவூலத்தின் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் தொகை, அந்த அதிபரின் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

அத்தோடு, அறிவிக்கப்படும் தொகை ஒருபோதும் முழுத் தொகையாக இருப்பதில்லை என்பது கணக்குக் கிளையில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சிறிய அலுவலகத்தின் விழாக்களிலேயே இதைக் கண்டிருக்கிறேன். மேடைக்கான பலகை ஒரு திணைக்களத்தின் களஞ்சியத்திலிருந்து வரும். கதிரைகள் பாடசாலையிலிருந்து வரும். அவற்றை ஏற்றி இறக்கும் லொறியின் டீசல் வேறொரு நிறுவனத்தின் வாகனச் செலவில் எழுதப்படும். உத்தியோகத்தர்களின் மேலதிக நேரக் கொடுப்பனவு அவரவர் சம்பளத் தலைப்பில் போகும். சிற்றுண்டிக்கான வவுச்சர் மட்டும் விழாவின் பெயரில் இருக்கும். விழாவுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால், சிற்றுண்டிக் கணக்கைக் காட்டுவார்கள். அது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. ஒரு பிரதேச அலுவலகத்திலேயே இப்படியென்றால், ஆயிரக்கணக்கான படையினரை வாரக்கணக்கில் ஒத்திகைக்குக் கொண்டுவந்து, தங்கவைத்து, உணவளித்து, கனரக வாகனங்களையும் விமானங்களையும் இயக்கி, தலைநகரத்தின் பிரதான வீதிகளை மூடி நடத்தும் ஒரு விழாவின் உண்மையான செலவு எத்தனை தலைப்புகளின் கீழ் பரந்து கிடக்கும்? இராணுவத்தின் ஆட்பலத்தை அடுத்த ஆண்டுக்குள் 135,000 ஆகவும், 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைக்கப் போவதாக ஜனவரியில் அறிவித்ததும் இதே அரசாங்கம்தான். அந்த அறிவிப்பை நான் வரவேற்றேன். அதே மாதத்தில் அணிவகுப்பு ஒத்திகையும் நடந்ததைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எளிமையாக நடத்தினால் தினத்தின் மாண்பு குறைந்துவிடும் என்பவர்களுக்கு, நான் கண்ட ஒரு சுதந்திர தினத்தைச் சொல்ல விரும்புகிறேன். 2005 பெப்ரவரி 4. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து 40 நாட்கள். எங்கள் அலுவலகம் கரையிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்தது. உடன் வேலை செய்தவர்களில் இருவர் இல்லை. மற்றவர்களில் பாதிப்பேர் பாடசாலைகளில் இயங்கிய முகாம்களில் இருந்தார்கள். விழாவை எப்படிச் செய்வது என்று நான் கோப்போடு போனபோது, எங்கள் மேலதிகாரி, "கொடியை ஏற்றுவோம், இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம், பிறகு எல்லோரும் முகாம்களுக்குப் போவோம். வவுச்சர் ஒன்றும் எழுதாதேயுங்கோ" என்றார். அவ்வளவுதான் கட்டளை.

அன்று காலை நாங்கள் இருபது பேரளவில் முற்றத்தில் கூடினோம். கொடிக்கம்பத்தின் அடிப்பகுதி உப்புநீரில் ஊறித் துருப்பிடித்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வோராண்டும் கயிற்றை இழுத்துக் கொடுப்பவர் எங்கள் சிற்றூழியர் ஒருவர். மனைவியையும் ஒரு பிள்ளையையும் இழந்த பிறகு அவர் அலுவலகப் பக்கம் வரவே இல்லை. அன்று அவர் வருவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. முகாமில் யாரோ கொடுத்த, தோளில் பெரிதாகத் தொங்கிய ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஒருவரோடும் பேசாமல் கம்பத்தடிக்குப் போய், கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். நனைந்த கயிறு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். கொடி ஏறியது. எவரும் உரை ஆற்றவில்லை. பிறகு எங்களிடையே சேர்ந்த காசில் பால்மாப் பைகளை வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போனோம்; அவரும் எங்களோடு வந்தார். என் சேவைக் காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சுதந்திர தினங்களில் நின்றிருக்கிறேன். முழுவதுமாக நினைவில் இருப்பது அது ஒன்றுதான். அந்தத் தினத்துக்காக அரசாங்கத்தின் ஒரு சதமும் செலவாகவில்லை.

கொழும்பிலும் இம்முறை இப்படிச் செய்திருக்கலாம். சுதந்திர சதுக்கத்தில் கொடியை ஏற்றி, ஜனாதிபதி அவர்கள் நாட்டு மக்களுக்கு ஓர் உரையை ஆற்றி, மிச்சப்பட்ட தொகை இன்னின்ன வைத்தியசாலைகளுக்கு மருந்தாகப் போகிறது என்று அன்றே அறிவித்திருந்தால், அந்த முதிய தாயின் கையிலிருந்த கடதாசித் துண்டுக்கு அது ஒரு பதிலாக இருந்திருக்கும். உலகமும் அதைப் பார்த்திருக்கும்.

இனித் தேர்தலுக்கு வருகிறேன். 340 உள்ளூராட்சி சபைகளுக்கான இத்தேர்தலுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ரூபா தேவை என்று கணக்கிடப்பட்டது. விழாவின் 20 கோடியைக் கொண்டு தேர்தலை நடத்தியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது ஐம்பது மடங்கு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில் அரசாங்கத்தின் மனம் வெளிப்படுகிறது. சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராக நான் பல தேர்தல்களில் கடமை செய்தவன். முதல்நாளே வாக்குப் பெட்டியையும், அரக்கையும், மெழுகுதிரியையும், நூல் பந்தையும் பொறுப்பேற்று, மின்சாரம் இல்லாத கிராமப் பாடசாலையில் வாங்குகளை ஒன்றுசேர்த்துப் படுத்து, விடிய நான்கு மணிக்கு எழுந்து ஆயத்தம் செய்திருக்கிறேன். குண்டுச் சத்தம் கேட்ட காலத்திலும் வாக்கெடுப்பு நடந்தது. காலை ஏழு மணிக்கு முன்னரே, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, அடையாள அட்டையை இரு கையாலும் பிடித்தபடி நிற்கும் வயோதிபர்களை அந்த வரிசைகளில் கண்டிருக்கிறேன். சுதந்திரம் என்ற சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள் அந்த வரிசைதான். 75 ஆண்டுச் சுதந்திரத்தை 20 கோடி செலவில் கொண்டாடிவிட்டு, அதே மாதத்தில் அந்த வரிசையைக் கலைத்துவிட்டார்கள். பிற்போடுவதற்கு ஒரு தேர்தலே இல்லை என்று 23ஆம் திகதி பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட துக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பெப்ரவரி 4ஐத் தமிழ் மக்கள் ஏன் கரிநாளாகக் கொள்கிறார்கள் என்பதும், அன்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களின் பேரணி 7ஆம் திகதி எங்கள் மட்டக்களப்பில் வந்து நிறைவடைந்ததும் தங்கள் வாசகர்கள் அறிந்தவை. அவை தனியாக எழுதப்பட வேண்டிய பெரிய விடயங்கள். நான் இங்கே எடுத்துக்கொண்டது செலவை மட்டுமே. ஏனெனில் மருந்தில்லாத யன்னல் ஹம்பாந்தோட்டையிலும் இருக்கிறது, நுவரெலியாத் தோட்டத்து வைத்தியசாலையிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். நூறு மீற்றர் கொங்கிறீற்று வீதியொன்றைத் திறந்து வைக்க, வீதியின் நீளத்துக்கும் கூடுதலாகப் பதாகை கட்டுகிற பழக்கம் நம் பகுதியிலும் இருக்கிறது. பிரமுகர் பத்து மணிக்கு வருவார் என்று எட்டு மணிக்கே பாடசாலைப் பிள்ளைகளை வெயிலில் இருபுறமும் நிறுத்தி, பாண்ட் வாத்தியம் முழங்க, ஆளுயர மாலையும் பொன்னாடையும் போட்டு அழைத்துச் செல்வது, பொருளாதார நெருக்கடியின் உச்சத்திலும் நிற்கவில்லை. அந்த மாலையின் காசு பெரும்பாலும் அபிவிருத்திச் சங்கத்தின் காசு, அல்லது ஆசிரியர்களிடம் சேர்த்த காசு. கொழும்பின் விழாவைக் கண்டிக்கும் நம் பிரதிநிதிகள், தமக்கு மாலை வேண்டாம், அந்தத் தொகைக்கு இந்தப் பாடசாலைக்குக் கொப்பி வாங்கித் தாருங்கள் என்று ஒரு கூட்டத்திலாவது சொல்லட்டும். சொன்னால் அதைக் கேட்க நானே போவேன்.

மக்கள் இதைச் சொல்லாமலே செய்தார்கள். சென்ற ஆண்டு எங்கள் கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையை நிறுத்துவதென்று நிர்வாக சபை கூடித் தீர்மானித்தது. மின்விளக்கு அலங்காரம் ஒரு வாசலோடு நின்றது. பத்து நாள் அன்னதானத்தை மட்டும் ஒருநாள்கூடக் குறைக்கக் கூடாது என்று பெண்கள் எழுந்து நின்று வாதாடினார்கள், அப்படியே நடந்தது. மண்டபம் பேசி முற்பணம் கொடுத்திருந்த கலியாணங்கள் வீட்டுப் பந்தலில் முடிந்தன. பூப்புனித நீராட்டு விழாவைத் தள்ளிவைத்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நான்கு. சாதிசனம் என்ன சொல்லும் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. எனினும், அடுப்பைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். உலகம் என்ன சொல்லும் என்று பயப்படும் அரசாங்கத்திடம் இந்த வீடுகளைக் காட்ட விரும்புகிறேன்.

நான் கேட்பது இரண்டு. பெப்ரவரி 4ஆம் திகதிய விழாவின் முழுச் செலவும், அமைச்சின் ஒதுக்கீடு மட்டுமன்றி முப்படைகளும் பொலிசும் ஏனைய நிறுவனங்களும் தத்தம் தலைப்புகளில் செய்த செலவையும் சேர்த்து, ஒரே கணக்காகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். கணக்காய்வாளர் நாயகம் அதைப் பரிசீலிக்க வேண்டும். அத்துடன், நாடு கடனைத் திருப்பிச் செலுத்தும் நிலைக்கு மீளும்வரை, மத்தியிலும் மாகாணத்திலும் பிரதேசத்திலும் அரசியல் விழாக்களுக்கும் வரவேற்புகளுக்கும் பொதுப் பணம் செலவிடலாகாது என்று திறைசேரி ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். பேனை, கடதாசி, தேநீர் வரைக்கும் குறைக்கச் சொல்லும் சுற்றறிக்கைகளை என் சேவைக் காலத்தில் எத்தனையோ முறை கோப்பிலிட்டிருக்கிறேன். இதை எழுதுவதற்கும் ஒரு பக்கம் போதும்.

முதலாவது கோரிக்கையை நான் பத்திரிகைக்கு எழுதுவதோடு விடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விழாச் செலவின் விபரங்களைக் கோரும் விண்ணப்பத்தை உரிய அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கிடைக்கும் பதிலைத் தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். இடமிருந்தால் அதையும் பிரசுரியுங்கள்.

இங்ஙனம்,
இளைப்பாறிய பிரதம இலிகிதர் ஒருவர்,
மட்டக்களப்பு.
2023.02.27